தையல் போடாத கண் காயம் எப்படி ஆறுகிறது? வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல வாசகர்கள் கண் ஆபரேஷனுக்குப் பிந்தைய வாரங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆபரேஷன் சுருக்கமாக முடிந்துவிடுகிறது, வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம் ஒவ்வொன்றாகக் கிளம்புகிறது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துத் தொகுத்திருக்கிறோம். பதில் எழுதியவர்கள் கண் அறுவை மருத்துவர்கள், சொட்டு மருந்து போடுவது முதல் மறுபரிசோதனை வரை கவனிக்கும் கண் செவிலியர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 64. ஃபேகோ முறையில், அதாவது புரையைக் கண்ணுக்குள்ளேயே உடைத்து உறிஞ்சி எடுத்து, லென்ஸ் வைத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு தையலும் போடவில்லை. வெட்டிய இடத்தை அப்படியே விட்டால் எப்படி மூடும்? உள்ளே இருக்கிற நீர் வெளியே வந்துவிடாதா?
(வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: நியாயமான பயம். கையில் வெட்டுப்பட்டால் நான்கு தையல் போடுகிறவர்கள் கண்ணில் வெட்டிவிட்டுச் சும்மா விடுகிறார்களே என்றுதான் தோன்றும். விஷயம் வெட்டுகிற விதத்தில் இருக்கிறது.

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலத் தெரியும் கருவிழியின் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். அந்த அரை மில்லிமீட்டருக்குள் மருத்துவர் கத்தியை நேராகக் குத்துவதில்லை. சாய்வாக, படிப்படியாக, சுமார் 2 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் போலக் கொண்டுபோய் உள்ளே இறக்குகிறார். வெளியே தெரியும் வெட்டின் அகலம் 2.2 முதல் 2.8 மில்லிமீட்டர். மடித்த லென்ஸ் அதன் வழியாக உள்ளே போய் விரிந்துகொள்கிறது. கண்ணுக்குள் இருக்கும் நீர் எப்போதும் வெளிப்பக்கம் அழுத்திக்கொண்டே இருக்கும். 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருந்தால் அது சரியான அழுத்தம். அந்த அழுத்தமே சுரங்கத்தின் உள் உதட்டை மேல் உதட்டோடு ஒட்டவைக்கிறது. உள்ளேயிருந்து தள்ளத் தள்ள இறுகிக்கொள்ளும் கதவு அது.

ஆபரேஷன் முடியும்போது இன்னொரு வேலையும் நடக்கும். மெல்லிய ஊசிக்குழாயால் வெட்டின் இரு பக்கச் சுவர்களுக்குள்ளும் உப்புக் கரைசலைச் செலுத்துவார்கள். திசு உப்பி இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். மறுநாள் கட்டைப் பிரித்ததும் வெட்டின் ஓரத்தில் லேசாக வெள்ளையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள், அந்த உப்பல்தான் அது. ஓரிரு நாளில் மறைந்துவிடும். பிறகு பஞ்சால் லேசாக அழுத்தி, நீர் கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நோயாளியை எழுப்புகிறார்கள். கசிந்தால் தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலில் ஒரு தையல் போடுவார்கள். அப்படி ஒருவருக்குத் தையல் போட்டிருந்தால் ஆபரேஷன் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை, கவனமான மருத்துவர் கிடைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இனி ஆறுவதைப் பார்ப்போம். கருவிழியின் மேல்தோல் வேகமானது. சுற்றியிருக்கும் செல்கள் நகர்ந்து வந்து 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வெட்டை மூடிவிடும். முதல் நாள் இருந்த உறுத்தல் இரண்டாம் நாள் குறைவதற்கு அதுதான் காரணம். ஆனால் மேல்தோலுக்குக் கீழே இருக்கும் தடித்த அடுக்கில் ரத்தக்குழாயே கிடையாது. கருவிழி தெளிவாக இருக்க வேண்டுமென்றால் ரத்தக்குழாய் இருக்கக் கூடாது. ரத்தம் வராத இடத்தில் காயம் மெதுவாகத்தான் ஆறும். அங்கே புதிய கொலாஜன் நார்கள் உருவாகி இரு பக்கமும் பின்னிக்கொள்ள வாரங்கள், மாதங்கள் ஆகின்றன. அதற்குப் பிறகும் வெட்டுப்படாத கருவிழியின் முழு பலம் அந்த இடத்துக்குத் திரும்புவதில்லை. இன்னும் உள்ளே, கடைசி அடுக்கில் இருக்கும் செல்களுக்குப் பெருகும் திறனே இல்லை. பக்கத்துச் செல்கள் தங்களை விரித்துக்கொண்டு இடைவெளியை மூட வேண்டியதுதான்.

ஆகவே, வலி போய்விட்டது என்பதற்கும் காயம் ஆறிவிட்டது என்பதற்கும் நடுவில் பல வாரங்கள் இருக்கின்றன. இந்த இடைவெளியில் கண்ணைக் கசக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். விரலால் அழுத்தும்போது உள் அழுத்தம் ஏறுகிறது. விரலை எடுத்ததும் சட்டென்று இறங்குகிறது. இறங்கும் அந்தக் கணத்தில் சுரங்கத்தின் உதடுகள் லேசாக விலகலாம். வெளியே இருக்கும் கண்ணீரும் அதிலுள்ள கிருமியும் உள்ளே இழுக்கப்படலாம். பகலில் யாரும் வேண்டுமென்று கசக்குவதில்லை, தூக்கத்தில்தான் கை போகும். அதனால்தான் முதல் வாரம் இரவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடியை பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு படுக்கச் சொல்கிறோம். அம்மா "மூச்சு முட்டுது" என்பார்கள். விடாதீர்கள்.

கேள்வி: எனக்கு முகாமில் பார்த்து இலவசமாக ஆபரேஷன் செய்தார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்குகிற வேலை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பத்தே நாளில் வேலைக்குப் போகச் சொன்னார்களாம். எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் சொல்கிறார்கள். ஏன் இந்த வித்தியாசம்?
(வாசகர், காசிமேடு)

பதில்: டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். ஃபேகோ என்று இருக்கிறதா, எஸ்.ஐ.சி.எஸ். என்று இருக்கிறதா? முகாம்களில் பெரும்பாலும் எஸ்.ஐ.சி.எஸ். முறைதான். முற்றிய புரைக்கு அது மிக நல்ல முறை, பார்வையும் நன்றாகவே வரும். ஃபேகோவில் புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சுகிறார்கள். எஸ்.ஐ.சி.எஸ்ஸில் புரையை முழுசாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு 6 மில்லிமீட்டர் அல்லது அதற்குச் சற்று அதிக அகலம் தேவை. கண்ணின் மேல்பக்கம், வெள்ளைப் பகுதியில் தொடங்கிக் கருவிழிக்குள் போகும் சுரங்கம் அது. அதுவும் தையல் இல்லாமல் தானாக மூடுவதுதான். ஆனால் அகலம் இரு மடங்குக்கு மேல் என்பதால், பாரம் தூக்கும்போது விலகும் வாய்ப்பும் அதிகம்.

மீன் கூடை ஐஸோடு சேர்த்து 30, 40 கிலோ வரும். தூக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டுகிறீர்கள். தலைக்கு ரத்தம் ஏறுகிறது, அதோடு கண்ணின் அழுத்தமும் ஏறுகிறது. இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்: தலையில் வைத்த கூடையிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர். அதில் மீன் ரத்தம், செதில், துறைமுகத் தரையின் அழுக்கு எல்லாம் கலந்திருக்கும். நெற்றி வழியாக நேராகக் கண்ணுக்குத்தான் இறங்கும்.

எஸ்.ஐ.சி.எஸ். என்றால் பாரம் தூக்கும் வேலைக்கு ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேகோ என்றால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரத்தில் போகலாம். நனைகிற, பாரம் தூக்குகிற வேலைக்கு நான்கு வாரமாவது வேண்டும். உங்கள் கண்ணைப் பார்த்த மருத்துவர் இதைவிட அதிகம் சொன்னால் அவர் சொல்வதே சரி. ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுவது, வலை பின்னுவது போன்ற வேலை கிடைத்தால் முன்னதாகவே போகலாம். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விசைப்படகில் ஏறினால் பல நாள் கழித்துத்தான் கரை. நடுக்கடலில் கண் சிவந்தால் பார்க்க ஆளில்லை. ஒரு மாதம் முடிந்து, மறுபரிசோதனையில் சரி என்று சொன்ன பிறகே கிளம்புங்கள். கூலி போகிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கும்போதே மீன்பிடித் தடைக்காலத்தில் கேட்டு வாங்குங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எப்படியும் கரையில்தான் நிற்கின்றன.

கேள்வி: தலைக்குக் குளிக்கக் கூடாது என்கிறார்கள். இந்த வெயிலில் எத்தனை நாள் தாங்க முடியும்? தண்ணீர் பட்டால் அப்படி என்ன ஆகிவிடும்?
(வாசகி, கொடுங்கையூர்)

பதில்: சுத்தமான தண்ணீர் ஒரு துளி தெறித்ததால் கண் போய்விடாது. பிரச்சினை நம் வீட்டுத் தண்ணீர் வரும் வழி. லாரியில் வருகிறது, தெருமுனை சின்டெக்ஸ் தொட்டியில் நிற்கிறது, அங்கிருந்து குடத்தில் பிடித்து, வீட்டு பிளாஸ்டிக் டிரம்மில் இரண்டு மூன்று நாள் இருக்கிறது. டிரம்மின் உள்சுவரைத் தடவிப் பாருங்கள், வழவழப்பாக இருக்கும். சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் குடியிருக்கும் படலம் அது. தோலில் பட்டால் ஒன்றும் செய்யாது. இன்னும் முழுசாக மூடாத கண் காயத்துக்குள் போனால் ஒன்றிரண்டு நாளில் கண்ணையே அழித்துவிடக்கூடியது.

கழுத்துக்குக் கீழே அடுத்த நாளிலிருந்தே குளிக்கலாம். முகத்துக்கு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, ஆபரேஷன் செய்த கண்ணை விட்டுவிட்டுத் துடையுங்கள். தலைமுடி தாங்க முடியவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து, பார்லரில் செய்வது போல நாற்காலியில் பின்பக்கம் சாய்ந்து, வேறொருவர் தண்ணீர் ஊற்ற, மூடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு அலசலாம். முன்பக்கம் குனிந்து ஊற்றுவது வேண்டாம். வழக்கம் போலத் தலைக்கு ஊற்றிக் குளிப்பதற்கு ஃபேகோ என்றால் இரண்டு வாரம், எஸ்.ஐ.சி.எஸ். என்றால் மூன்று நான்கு வாரம் ஆகட்டும். எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் ஒரு மாதத்துக்கு மேல். சீயக்காய்த் தூள் கண்ணில் விழுந்தால் யாராலும் கசக்காமல் இருக்க முடியாது.

கண் ஓரத்தில் பீளை காய்ந்து ஒட்டியிருந்தால் நகத்தால் எடுக்காதீர்கள். சுத்தமான பஞ்சைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் பிழிந்து, மூக்குப் பக்கமிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். துடைத்த பஞ்சை எறிந்துவிட்டு, அடுத்த முறைக்குப் புதுசு எடுங்கள்.

கேள்வி: மூன்று பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். மாமியாருக்கு நான்தான் சொட்டு மருந்து போடுகிறேன். பாதி கன்னத்தில் வழிகிறது. இரண்டு மூன்று சொட்டாக விட்டால் நல்லதா? கண் நன்றாகத் தெளிந்துவிட்டது, நிறுத்திவிடலாமா?
(வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: ஒரு சொட்டு போதும். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே கண் தாங்கும் அளவைவிட அதிகம். வழிவது இயல்பு. இரண்டாவது சொட்டு விட்டால் முதல் சொட்டைக் கழுவி வெளியே தள்ளும், அவ்வளவுதான்.

போடும் முறையைச் சொல்கிறோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். மாமியாரை மல்லாக்கப் படுக்கவையுங்கள். உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பதைவிட இது சுலபம். மேல் இமையைத் தொட வேண்டாம், எஸ்.ஐ.சி.எஸ். காயம் அதன் அடியில்தான் இருக்கிறது. கீழ் இமையை மட்டும், கன்னத்து எலும்பின் மேல் விரலை வைத்துக் கீழே இழுங்கள். சிவப்பாக ஒரு சின்னப் பள்ளம் தெரியும். மேலே, உங்கள் நெற்றியைப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலின் நுனி கண்ணிலோ இமை முடியிலோ படாமல் ஒரு அங்குலம் மேலே பிடித்து அந்தப் பள்ளத்தில் ஒரு சொட்டு விடுங்கள். நுனி ஒருமுறை பட்டுவிட்டால் இமையின் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும், பிறகு ஒவ்வொரு வேளையும் அந்தக் கிருமியைத்தான் ஊற்றுவோம். சொட்டு விழுந்ததும் கண்ணை மெதுவாக மூடி இரண்டு நிமிடம். இறுக்கி மூடினால் மருந்து வெளியே வந்துவிடும். அடுத்த மருந்துக்குப் பத்து நிமிட இடைவெளி.

பால் போல வெள்ளையாக இருக்கும் பாட்டில் ஸ்டீராய்டு. அநேகமாக பிரெட்னிசோலோன். அதன் மருந்துத் துகள் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்காவிட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீரும் கடைசி வாரம் கெட்டி மருந்துமாகப் போகும். கண் சிவந்தே இருக்கிறது என்று வருகிறவர்களில் பலர் இதைக் குலுக்காதவர்கள்தான்.

நிறுத்துவதைப் பற்றி: ஆன்டிபயாட்டிக் சொட்டு ஒன்று அல்லது இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும். ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரத்தில், ஒரு நாளைக்கு ஆறு வேளை, நான்கு, மூன்று என்று படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். திடீரென்று விட்டால் உள்ளே அடங்கியிருந்த வீக்கம் திரும்பும். கண் கூசும், வலிக்கும், பார்வை மங்கும். இதற்கு நேர் எதிரான தப்பும் நடக்கிறது. நன்றாக இருக்கிறதே என்று அதே ஸ்டீராய்டை மெடிக்கலில் கேட்டு வாங்கி மூன்று நான்கு மாதம் போடுகிறார்கள். சிலருக்கு ஸ்டீராய்டு சொட்டே கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலிக்காது, தெரியாது, நரம்பு கெட்ட பிறகுதான் புரியும். சீட்டில் எழுதிய நாளுக்கு ஒரு நாளும் கூட வேண்டாம், குறையவும் வேண்டாம். திறந்த பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.

பன்னீர், இளநீர், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. ஆசையாகச் செய்வார்கள், கண் போய்விடும்.

கேள்வி: மீன், முட்டை, கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் வெறும் ரசம் சாதமாகவே போடுகிறார்கள். உண்மையா?
(வாசகர், ராயபுரம்)

பதில்: இல்லை. சீழ் கிருமியால் வருகிறது, கத்தரிக்காயால் அல்ல. ராயபுரத்தில் இருந்துகொண்டு ஆறு வாரம் மீன் இல்லாமல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. காயத்தை ஒட்டவைக்கும் கொலாஜன் ஒரு புரதம். அதை உருவாக்க உடம்புக்குப் புரதமும் வைட்டமின் சி சத்தும் வேண்டும். சங்கராவோ நெத்திலியோ குழம்பு வையுங்கள், முட்டை கொடுங்கள், ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள். எழுபது வயதுக்காரரை ரசம் சாதத்தில் ஒரு மாதம் வைத்திருப்பதுதான் காயத்துக்குக் கெடுதல். மலச்சிக்கல் வராமல் கீரை, தண்ணீர் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கினால் கண்ணுக்கும் அழுத்தம். இருமல் இருந்தால் பொறுத்துக்கொள்ளாமல் மருந்து கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 15 வருடமாகச் சர்க்கரை. கண் காயம் ஆறாது என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, கொருக்குப்பேட்டை)

பதில்: ஆறும். கொஞ்சம் மெதுவாக ஆறும், கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். நீண்ட காலச் சர்க்கரையில் கருவிழி நரம்புகளின் உணர்ச்சி குறைகிறது. ஆகவே மேல்தோல் உரிந்திருந்தாலும் அப்பாவுக்கு உறுத்தாமல் இருக்கலாம். வலி இல்லை என்று அவர் சொல்வதை மட்டும் நம்பி மறுபரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். கிருமித்தொற்றும் சர்க்கரை உள்ளவர்களுக்கு எளிதாக வரும். விழித்திரையின் நடுவில் நீர் கோத்துக்கொள்ளும் வாய்ப்பும் அதிகம். அதைத் தடுக்கத்தான் நெபாஃபெனாக் போன்ற, வீக்கத்தைக் குறைக்கும் மூன்றாவது சொட்டைச் சற்று நீண்ட நாள் போடச் சொல்வார்கள். ஸ்டீராய்டு மாத்திரைதான் சர்க்கரையை ஏற்றும் என்று பெயரெடுத்தது. சொட்டால் அந்த அளவுக்கு ஏறாது, அதற்குப் பயந்து சொட்டை நிறுத்த வேண்டாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் வழக்கம்போல.

கேள்வி: ஆபரேஷன் ஆகி நான்காம் நாள் பெரியப்பாவுக்குக் கண் வலித்தது, சிவந்தது. மருந்துக் கடையில் சொட்டு வாங்கிப் போட்டோம். இரண்டு நாள் கழித்துப் போனால் "இவ்வளவு தாமதமாக வந்தால் எப்படி" என்று திட்டினார்கள். எப்போது ஓட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.
(வாசகர், திருவொற்றியூர்)

பதில்: ஒரே விதி: ஆபரேஷனுக்கு மறுநாள் இருந்ததைவிடக் கண் ஒவ்வொரு நாளும் தேற வேண்டும். தேறிக்கொண்டிருந்த கண் மீண்டும் மோசமானால் அன்றைக்கே போக வேண்டும். மறுநாள் காலை என்றுகூட வைக்காதீர்கள்.

கண்ணுக்குள் கிருமி புகுந்தால் வரும் எண்டாஃப்தால்மைடிஸ் ஆயிரத்தில் ஒருவருக்கு, அல்லது அதைவிடக் குறைவாகவே வருகிறது. பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தலைகாட்டும். முதலில் வருவது பார்வை மங்கல். நேற்று சுவர்க் கடிகாரம் தெரிந்தது, இன்று தெரியவில்லை என்பார்கள். கூடவே குத்தும் வலி, சிவப்பு கூடுதல், இமை வீக்கம், பீளை. சிலருக்குக் கருவிழிக்குப் பின்னால், அடியில் வெள்ளையாக ஒரு கோடு தேங்கியிருக்கும். அது சீழ். எல்லாருக்கும் வலி வரும் என்று காத்திருக்காதீர்கள், வலியே இல்லாமல் பார்வை மட்டும் இறங்குவதும் உண்டு. பாரசிட்டமால் ஒன்று போட்டு அடங்கும் உறுத்தல் வேறு, மாத்திரைக்கும் அடங்காத வலி வேறு. இன்னொன்று: கண்ணிலிருந்து சூடாக நீர் வழிந்துகொண்டே இருந்து பார்வையும் மங்கினால் காயம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிறச் சாயத்தாள் ஒன்றைத் தொட்டு, நீல வெளிச்சத்தில் பார்த்தால் கசிவு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மணிக்கணக்கு முக்கியம் என்று ஏன் சொல்கிறோம்? இதற்கு மருந்து சொட்டில் இல்லை. சொட்டு போய்ச் சேராத பின்பகுதியிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணுக்குள்ளேயே செலுத்த வேண்டும். வெளிச்சம் மட்டும் தெரிகிற அளவுக்குப் பார்வை போயிருந்தால் உள்ளே இருக்கும் ஜெல்லையே அகற்றும் ஆபரேஷன் தேவைப்படும். கடையில் வாங்கிய சொட்டில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு ஒருநாள் குறைந்தது போலக் காட்டும், கிருமி உள்ளே தாராளமாகப் பெருகும். பெரியப்பாவுக்கு அதுதான் நடந்திருக்கலாம். மருந்துக் கடைக்காரர், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்ப்பவரல்ல.

முதலில் ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். அங்கே பார்க்க முடியாவிட்டால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு. 1819-இல் தொடங்கிய மருத்துவமனை அது. ஆபரேஷன் சீட்டையும் போட்டுக்கொண்டிருந்த எல்லாப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

இந்தத் தொற்றைக் குறைக்க ஆபரேஷன் அரங்கிலேயே இரண்டு காரியங்கள் நடக்கின்றன. தொடங்குமுன் 5 சதவீத போவிடோன் அயோடின் சொட்டைக் கண்ணில் விட்டு மூன்று நிமிடம் வைக்கிறார்கள். முடிந்ததும் ஆன்டிபயாட்டிக்கைக் கண்ணுக்குள் செலுத்துகிறார்கள். ஐரோப்பாவில் நடந்து 2007-இல் வெளியான பெரிய ஆய்வில், செஃப்யூராக்சிமை இப்படிச் செலுத்தியபோது தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. நம் நாட்டில் பெரும்பாலும் மாக்ஸிஃப்ளாக்ஸசின் பயன்படுத்துகிறார்கள். ஆபரேஷனுக்கு முன் இதைப் பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

கேள்வி: அத்தா ஐந்து வேளை தொழுகிறவர். தரையில் நெற்றி படக் குனிந்து சஜ்தா செய்யலாமா?
(வாசகர், மண்ணடி)

பதில்: முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து, தலையை லேசாகத் தாழ்த்தித் தொழட்டும். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளூ செய்யும்போது முகத்துக்குத் தண்ணீர் அள்ளி அடிக்காமல், அந்தக் கண்ணை விட்டுவிட்டு ஈரக்கையால் தடவிக்கொள்ளட்டும். இரண்டாவது மறுபரிசோதனையில் காயம் நன்றாக இருந்தால் மருத்துவரே சஜ்தாவுக்குச் சரி சொல்லிவிடுவார். கோயிலில் சாஷ்டாங்கமாக விழுகிறவர்களுக்கும், துணி துவைக்கக் குனிகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

கேள்வி: கண்ணில் சதை வளர்ந்து கருவிழிக்கு வந்துவிட்டது என்று எடுத்தார்கள். எடுத்த இடத்தில் இன்னொரு தோலை ஒட்டியிருக்கிறார்களாம். புரை ஆபரேஷன் செய்தவருக்கு வலியே இல்லை. எனக்கு மூன்று நாள் உயிர் போனது. ஏன்?
(வாசகர், எண்ணூர்)

பதில்: வெயில், உப்புக் காற்று, தூசி மூன்றிலும் நாளெல்லாம் நிற்கிறவர்களுக்கு இந்தச் சதை அதிகம் வருகிறது. எண்ணூரில் மூன்றும் உண்டு. வலிக்குக் காரணம் எளியது. புரை ஆபரேஷனில் கருவிழியின் மேல்தோல் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வெட்டுப்படுகிறது. உங்களுக்குச் சதை ஒட்டியிருந்த பரப்பு முழுவதையும் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். உடம்பிலேயே நரம்பு நெருக்கமாக இருக்கும் இடங்களில் கருவிழியும் ஒன்று. மேல்தோல் மூடும் வரை, அதாவது மூன்று நான்கு நாள், வலி இருக்கத்தான் செய்யும். மேலோட்டமான காயம் அதிகம் வலிக்கும், ஆழமான சின்னக் காயம் வலிக்காது. கண்ணில் வலியை வைத்து ஆபத்தை அளக்கக் கூடாது என்பதற்கு உங்கள் கண்ணே சாட்சி.

ஒட்டியது உங்கள் மேல் இமைக்கு அடியிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வு. வெறுமனே சதையை வெட்டிவிட்டால் மீண்டும் வளரும் வாய்ப்பு மிக அதிகம், அதனால்தான் ஒட்டுகிறார்கள். ஃபைப்ரின் பசையாலோ உங்கள் ரத்தத்தாலேயோ ஒட்டியிருந்தால் முதல் சில நாள் கசக்கவே கூடாது, சவ்வு நகர்ந்துவிடும். முதல் வாரம் அது உப்பி, வெளிறி, அல்லது ரத்தம் கட்டிச் சிவப்பாகத் தெரியும். பிறகு படியும். ஸ்டீராய்டை ஆறு வாரம் ஒழுங்காகப் போடுங்கள். திரும்ப வளர்வதாக இருந்தால் அநேகமாக முதல் வருடத்திலேயே தெரியும். வெளியே போனால் பக்கவாட்டிலும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இனி எப்போதும் வேண்டும்.

கேள்வி: ஆபரேஷன் முடிந்து பத்து நாள். பேரனுக்கு மெட்ராஸ் ஐ வந்துவிட்டது.
(வாசகி, வியாசர்பாடி)

பதில்: துண்டு, தலையணை உறை, சோப்பு எல்லாவற்றையும் தனியாக்குங்கள். பேரனுக்குச் சொட்டு மருந்து போட்ட கையோடு உங்கள் கண்ணுக்கு வராதீர்கள், முடிந்தால் வேறொருவர் போடட்டும். அவன் பாட்டிலை நீங்கள் பகிர வேண்டாம். மெட்ராஸ் ஐ பார்ப்பதால் ஒட்டாது, கையால் ஒட்டும். ஆபரேஷனே இன்னும் ஆகாதவர் வீட்டில் இப்படி வந்து, அவருக்கும் கண் சிவந்திருந்தால் தேதியைத் தள்ளிப்போடுவதே சரி.

கேள்வி: இரண்டு மாதம் ஆகிறது. பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் மணல் விழுந்தது போல உறுத்துகிறது. தையல் ஒன்று போட்டதாகச் சீட்டில் இருக்கிறது. கண்ணாடி எப்போது போடுவது?
(வாசகர், பெரம்பூர்)

பதில்: முதலில் தையலைப் பார்க்கச் சொல்லுங்கள். நைலான் நூல் தானாகக் கரையாது. மாதக்கணக்கில் தளர்ந்தால் அதன் முனை மேலே துருத்தி இமையில் உரசும், சளி ஒட்டும், கிருமி அந்த நூல் வழியாகவே இறங்கும். தளர்ந்த தையலை உடனே எடுத்துவிட வேண்டும். மரத்துப்போகும் சொட்டு விட்டு, உட்கார்ந்தபடியே ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். எடுத்த பிறகு சில நாள் ஆன்டிபயாட்டிக் சொட்டு உண்டு.

தையல் சரியாக இருந்தால் வறட்சிதான் காரணமாக இருக்கும். வெட்டும்போது கருவிழியின் மெல்லிய நரம்புகளும் அறுபடுகின்றன. அவை திரும்ப வளர மூன்று மாதம் போல ஆகும். அதுவரை இமை கொட்டுவது குறையும், கண்ணீரும் குறையும். பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீரை ஒரு நாளைக்கு நான்கு முறை போடலாம். ஃபேனுக்கு நேரே படுக்காதீர்கள். மாதவரம், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் பைக்கில் போனால் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கியே ஓட்டுங்கள்.

கண்ணாடிக்கு: காயம் இறுகும்போது கருவிழியின் வளைவு மாறிக்கொண்டே இருக்கும். சீட்டில் எழுதும் சிலிண்டர் பவர் அதைத்தான் குறிக்கிறது. ஃபேகோ என்றால் நான்கு வாரத்தில், எஸ்.ஐ.சி.எஸ். என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் வளைவு நிலைக்கும். தையல் இருந்தால் அதை எடுத்து இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் பவர் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஒரு தையலே கருவிழியை ஒரு பக்கம் இழுத்து வைத்திருக்கும். அவசரப்பட்டு இப்போதே கண்ணாடி வாங்கினால் அடுத்த மாதம் மாற்ற வேண்டிவரும். அதுவரை பேப்பர் படிக்கக் கடையில் விற்கும் பிளஸ் 2.5 கண்ணாடியை வைத்துச் சமாளிக்கலாம், அதனால் கண்ணுக்குக் கெடுதல் ஒன்றுமில்லை.